பார்சர் ஒன்றும் சொல்லவில்லை

ஒன்றும் வரவில்லை. என்டரைத் தட்டினேன். திரை ஒரு கணம் யோசித்தது, ஒரு வரி கீழே இறங்கியது, அங்கே அந்தச் சின்னக் கட்டம் மினுக்மினுக்கென்று அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான். சிவப்பு இல்லை, வரி எண் இல்லை, பிழை என்ற சொல்லே இல்லை. வரவேண்டியது எனக்கு மனப்பாடம். வரி நூற்றுப் பதினெட்டு, பிழை, தொண்ணூற்றாறு என்ற மதிப்பு ஒன்று முதல் அறுபத்துநான்கு என்ற எல்லைக்கு வெளியே இருக்கிறது. மூன்று வருடமாக இந்த வரியை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் வகுப்பில் முதல் படமே இந்த வரிதான், பெரிதாக்கி, சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு. தப்பாக அடித்திருப்பேன். வயது நாற்பத்தாறு, கண்ணாடி மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை, லேப்டாப்பும் போன வாரம் கொடுத்த புதுசு, விசையெல்லாம் வழுக்குகிறது. ஆனால் ஃபைல் பெயரைத் தப்பாக அடித்தால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று உடனே திட்டுமே. திட்டவில்லையே. இந்தப் பார்சரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பதினொரு வருடமாக இதோடு குடித்தனம் நடத்துகிறேன். கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்து, பக்கத்தில் ஃபைல் பெயரை அடித்தால், ஃபைலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படிக்கும். தப்பு இருந்தால் எந்த வரியில் என்ன தப்பு என்று சொல்லும். தப்பு இல்லையென்றால் வாயே திறக்காது. நன்றாக எழுதியிருக்கிறாய் என்று ஒரு நாளும் அது யாரையும் பாராட்டியதில்லை. வெறும் வரிதான் அதனுடைய பாராட்டு. அப்படியென்றால் இந்த வெறும் வரிக்கு என்ன அர்த்தம்? இரு. அவசரப்படாதே, வெள்ளியங்கிரி. இன்னொரு தடவை அடித்துப் பார்.

அடித்தேன், எழுத்தெழுத்தாக, உதட்டை அசைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி. அதே வெறும் வரி. உள்ளங்கை சில்லென்று ஆகிவிட்டது. ஏசியாக இருக்கும். என்ன பெரிய விஷயம் இது, படிவத்தில் ஒட்ட ஒரு வரி வேண்டும், அதற்குத்தான் ஓட்டினேன். காலையில் வந்த படிவம், நிரப்ப நிரப்ப அனுப்பியவர்களுக்கும் தெரிகிற ஆன்லைன் படிவம், திரையின் பக்கத்து ஜன்னலில் திறந்தே கிடக்கிறது. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி, முன்பு எங்களிடம் இருந்த அமலோற்பவத்துக்கு வேலை கொடுக்கப் பார்க்கிறதாம், அதற்கு முன்னால் பழைய இடத்தில் விசாரிக்கிறார்களாம். விசாரிக்கிற வேலைக்கென்றே தனியாக ஓர் ஆபீஸ். பதினொன்றரைக்குப் போன் செய்வோம், அதற்குள் படிவத்தை நிரப்பிவைத்தால் உதவியாக இருக்கும் என்று மெயில். நிரப்பினேன். நான் எதையும் தள்ளிப்போடுகிற ஆள் கிடையாது. வேலையை விட்ட காரணம் என்ற இடத்தில் நாலு கட்டம்: சொந்த விருப்பம், ஒப்பந்தம் முடிந்தது, கவனக்குறைவு, ஒழுங்கீனம். யோசிக்கவே இல்லை, மூன்றாவதில் டிக் அடித்தேன். கீழே விவரம் என்று ஒரு பெட்டி. சும்மா தப்பு செய்தாள் என்று எழுதினால் நன்றாகவா இருக்கும், நான் என்ன வாய்க்கு வந்ததைப் பேசுகிறவனா, பார்சர் சொன்ன அதே வரியை அப்படியே எடுத்து ஒட்டுவோம் என்று நினைத்தேன். நியாயமான ஆள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்காகத்தான் பழைய ஃபைலைத் தேடி எடுத்து ஓட்டினேன். அமலோற்பவம் மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதிய ஃபைல், ஓர் எழுத்தும் மாறாமல் கம்பெனியின் பழைய சேமிப்பில் இருந்தது. இப்போது மணி பதினொன்று ஏழு.

எங்கள் வேலை மாடல் ஃபைல் எழுதுவது. ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னென்ன இருக்கலாம், எது கட்டாயம், எந்த எண் எதிலிருந்து எதுவரை போகலாம் என்று வரிவரியாகச் சொல்லிவைக்கிற ஃபைல். எக்ஸ்சேஞ்சு அதன்படிதான் நடக்கும். நெடும்பாறை என்கிற மலை ஊருக்கான ஃபைலை எழுதியது அமலோற்பவம். அந்த ஊர் எக்ஸ்சேஞ்சு வழியாக ஒரே நேரத்தில் தொண்ணூற்றாறு பேர் பேசலாம் என்று எழுதியிருந்தாள். அது ஏற்றப்பட்ட ஒன்பதாம் நாள், நல்ல மழையில், நாற்பத்தேழு நிமிடம் அந்த ஊரிலிருந்து ஒரு போனும் போகவில்லை. ஆம்புலன்சுக்கும் போகவில்லை. பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணை எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிக் கீழே இறக்கினார்களாம், பாதி வழியிலேயே பிறந்துவிட்டதாம், தாயும் பிள்ளையும் நலம். நலம் என்ற செய்தி வருவதற்குள் எங்கள் ஆபீசில் ஆளாளுக்கு முகம் செத்துவிட்டது. நான்தான் கண்டுபிடித்தேன். நாலே மணி நேரத்தில். மீட்டிங் ரூமில் ஏழு பேர், என் லேப்டாப் சுவரில் தெரிகிறது, அவளுடைய ஃபைலைக் கொண்டுவந்து ஓட்டினேன், சிவப்பில் வந்தது வரி நூற்றுப் பதினெட்டு. அறையே மூச்சு விட்டது, தங்கள் ஃபைல் இல்லை என்று. அவள் எழுந்து நின்றாள். "சார், எங்கிட்ட ஓட்டும்போது சரியாத்தான சார் வருது" என்றாள். தூத்துக்குடிப் பேச்சு, கடைசியில் லேசாக இழுக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், என் மிஷினில் சரியாக ஓடுகிறது என்கிற வார்த்தைக்கு எவ்வளவு மரியாதை என்று. தப்பு செய்தவன் முதலில் சொல்வது அதைத்தான். அதை வைத்து நாங்கள் சிரிக்காத நாள் கிடையாது, டீக்கப்பில் அச்சடித்துக்கூட வைத்திருக்கிறோம். எங்கள் குழுவின் தியாகு விடுவானா? "அப்படின்னா உங்க மிஷினையே பொட்டி கட்டி நெடும்பாறைக்கு அனுப்பிரலாங்க" என்றான். சிரிப்பு. அவ்வளவு பயத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, அடங்கவே இல்லை. நானும் சிரித்தேன். தியாகு சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரித்தேன், எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏன் இப்போது ஞாபகம் வரவேண்டும்? அவள் சிரிக்கவில்லை. சிவப்பு வரியையும் பார்க்கவில்லை. அதற்கு மேலே, திரையின் உச்சியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம் செய்தவர்கள் நேராகப் பார்க்கமாட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். வாயைத் திறந்தாள், "சார், ஒரே ஒரு தடவ வேற" என்று ஏதோ, அதற்குள் மறுபடி யாரோ சிரித்தார்கள், உட்கார்ந்துவிட்டாள். வேற என்ன? வேற யார்? என்ன சொல்லவந்தாள் என்று ஒருத்தராவது கேட்டோமா? நான் கேட்டேனா? திரையின் உச்சியில் என்ன இருந்தது?

"டீ வெச்சிருக்கேனுங்க சார்." மயிலாத்தா அக்கா. எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார்? பிஸ்கட் தட்டை நகர்த்தி டம்ளரை வைக்கிறார், "மூஞ்சி ஏனுங்க சார் ஒரு மாதிரி இருக்குது, சுகர் கிகர் எறங்கிருச்சுங்களா" என்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன். ஒன்றுமில்லை. அதுதான் பிரச்சினையே, அக்கா, ஒன்றுமில்லை என்று வருகிறது. அவர் போய்விட்டார். டீயில் ஆடை படர்கிறது. இன்னொரு வழி இருக்கிறது. பார்சருக்குப் பக்கத்தில் ஒரு கோடும் ஓர் எழுத்தும் சேர்த்து அடித்தால், தான் என்னென்ன ஃபைலை எங்கெங்கிருந்து எடுத்துப் படித்தது என்று முழுக்க ஒப்பிக்கும். ஏனென்றால் ஒரு ஃபைல் தனியாக நிற்பதில்லை. அமலோற்பவத்தின் ஃபைலில் முதல் வரியே, லைன் எண்ணிக்கைக்கு எல்லை என்ன என்பதைப் பொது ஃபைலில் பார்த்துக்கொள் என்று சொல்லும். பார்சர் அந்தப் பொது ஃபைலைத் தேடிப்போகும். அடிக்கிறேன். ஒப்பிக்கிறது. நெடும்பாறை ஃபைல், படித்தேன். பொது ஃபைல், கம்பெனிச் சேமிப்பிலிருந்து படித்தேன். எல்லை ஒன்று முதல் இருநூற்று ஐம்பத்தாறு. இருநூற்று ஐம்பத்தாறா? அறுபத்துநான்கு அல்லவா? அறுபத்துநான்கு என்று எழுதியது நான், என் கையால், எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பொது ஃபைலை முதன்முதலில் எழுதியதே நான்தான். பிறகு கூட்டினார்கள், ஆமாம், புது எக்ஸ்சேஞ்சுகள் வந்தபோது கூட்டினார்கள், எப்போது? தேதி ஃபைலுக்குள்ளேயே இருக்கும். பார்க்கிறேன். நெடும்பாறையில் மழை பெய்வதற்கு ஐந்து மாதம் முன்னால். ஒப்புதல் அளித்தவர், வெள்ளியங்கிரி. நல்லது. நானே ஒப்புதல் கொடுத்து, நானே மறந்து. அப்படியானால் அன்றைக்கே எல்லை இருநூற்று ஐம்பத்தாறுதான். தொண்ணூற்றாறு அன்றைக்கே சரிதான். அப்புறம் எப்படி வந்தது சிவப்பு? ஏழு பேர் பார்த்தோமே. கண்கட்டு வித்தையா? படம் பிடித்து வைத்திருக்கிறேனே, வருடா வருடம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேனே.

அந்தப் படத்தைத் திற. திறந்தேன். சிவப்பு வரி, வட்டம், எல்லாம் இருக்கிறது. மேலே பார். அவள் பார்த்த இடத்தைப் பார். கட்டளை அடித்த வரி. அதன் தொடக்கத்தில், நான் எந்த ஃபோல்டரில் நிற்கிறேன் என்பதை அந்தக் கறுப்புத் திரையே எப்போதும் போட்டுவைக்கும், அதில் என்ன எழுதியிருக்கிறது? டெம்ப். என்னுடைய டெம்ப் ஃபோல்டர். தற்காலிகம் என்று பெயர் வைத்துவிட்டு ஒன்பது வருடம் நான் குடியிருந்த ஃபோல்டர். கையில் கிடைத்ததையெல்லாம் அதற்குள்தான் போடுவேன், வீட்டு மின்சார பில்லிலிருந்து பையனுடைய ஹால் டிக்கெட் வரைக்கும், மனைவி மஞ்சுளா பார்த்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுவாள். அதற்குள் என்ன கிடந்தது? எனக்குத் தெரியும். திறந்து பார்க்காமலே தெரிகிறது. ஏனென்றால் பார்சர் பொது ஃபைலைத் தேடும்போது முதலில் எங்கே தேடும்? நாம் நிற்கிற இடத்தில் தேடும். அங்கே அந்தப் பெயரில் ஒன்று கிடைத்தால் போதும், அதற்குமேல் ஓர் அடி நகராது, கம்பெனிச் சேமிப்பு இருக்கிறதே, அங்கே புதுசு இருக்கிறதே என்றெல்லாம் கவலைப்படாது. இதைப் பிள்ளைகளுக்கு இரண்டாம் நாள் வகுப்பில் நானே சொல்கிறேன். எங்கே நின்று ஓட்டுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள் என்று நானே, இந்த வாயால். முதல் நாள் படம், இரண்டாம் நாள் பாடம், இரண்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரிதான் இருக்கிறது, மூன்று வருடமாக ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

பழைய லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் ஒரு டிஸ்கில் போட்டு டிராயரில் வைத்திருக்கிறேன். செருகினால் தெரிந்துவிடும். செருகாமல் இருந்தால்? செருகாமல் இருந்தால் தெரியாது, அவ்வளவுதானே, உலகத்தில் எத்தனையோ விஷயம் எனக்குத் தெரியாது. கை செருகிவிட்டது. டெம்புக்குள் போய் நின்றேன். அதே கட்டளை, அதே ஃபைல், ஓர் எழுத்து மாறவில்லை, நிற்கிற இடம் மட்டும் வேறு. என்டர். சிவப்பு. வரி நூற்றுப் பதினெட்டு. வந்துவிட்டது, வராமல் என்ன, அன்றைக்கு வந்த அதே வரி. ஒப்பிக்கச் சொன்னேன். பொது ஃபைல், இதே ஃபோல்டரிலிருந்து படித்தேன். எட்டு வருடப் பழசு. என் முதல் பிரதி. எதற்காகவோ ஒரு நாள் எடுத்து அங்கே போட்டுவைத்த என் பிரதி, ஒன்று முதல் அறுபத்துநான்கு. அவளுடைய ஃபைலில் தப்பே இல்லை. ஓர் எழுத்துகூட. ஐயோ. வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே யாரோ திரும்பிப் பார்க்கிறார்கள். ஏழு பேர் இருந்தோம் அந்த அறையில். ஏழு பேர் மடியிலும் லேப்டாப் இருந்தது. ஒருத்தன் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்திருந்தால் வெறும் வரி வந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். ஒருவரும் ஓட்டவில்லை. நான் ஓட்டினால் போதும், வெள்ளியங்கிரி சார் ஓட்டினால் சரியாகத்தான் இருக்கும். ஓட்டிப் பார்த்த ஒரே ஆள் அவள், அவள் சொன்னதுதான் எங்களுக்கு ஜோக்.

அன்று வீட்டுக்குப் போய் மஞ்சுளாவிடம் சொன்னேன், நாலே மணி நேரம், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெருமையாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், "அந்தப் புள்ளை என்னங்க சொல்லுச்சு?" என்று கேட்டாள். "என்ன சொல்லும், எல்லாரும் சொல்றதுதான்" என்றேன். மறுவாரம் அமலோற்பவத்தின் ராஜினாமா. ராஜினாமா என்று பெயர், எழுதச் சொன்னது நான். "நாங்க அனுப்புனா உனக்குத்தாம்மா கெட்ட பேரு, நீயே எழுதிக் குடுத்துரு" என்று பெரிய உபகாரம் செய்கிற மாதிரி சொன்னேன். அழவில்லை. பேனா இல்லை என்றாள், என் பேனாவைக் கொடுத்தேன். அடுத்த ஏப்ரலில் எனக்கு இந்தக் கண்ணாடி அறை. படிவத்தில் அவள் அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று இருக்கிறது, காலையில் படித்தபோது கண் அதன்மேல் நிற்கவே இல்லை, இப்போது நிற்கிறது. பதினான்கு மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஏதோ பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளர். அந்தப் பெண்ணா? ஐநூறு வரி ஃபைலைப் பார்சரே இல்லாமல் கண்ணால் படித்துத் தப்புச் சொல்லுகிற பெண், பிள்ளைகள் உடைத்த பிளக்கை மாற்றிக்கொண்டு. இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நினைக்காமல் தாண்டிவிடலாம் என்று மனசு சுற்றிச் சுற்றிப் போகிறது, ஆனால் அங்கேயே வந்து இடிக்கிறது. அவளுடைய தொண்ணூற்றாறை நான் அறுபத்துநான்காகத் திருத்தினேன். திருத்தி, எக்ஸ்சேஞ்சை நிறுத்தி மறுபடி கிளப்பினோம், தானாகத் திரும்பியிருந்த லைன் பிறகு போகவே இல்லை, பார்த்தீர்களா என்றேன். திருத்தியதால் போகாமல் இருந்ததா, நிறுத்திக் கிளப்பியதால் இருந்ததா? அன்றைக்கு அந்த நாற்பத்தேழு நிமிடம் உண்மையில் எதனால் போனது? யாருக்கும் தெரியாது. யாரும் தேடவே இல்லை, நான்தான் கண்டுபிடித்துவிட்டேனே. அது எதுவாக இருந்தாலும் மூன்று வருடமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு, மூன்று வருடமாக அந்த ஊரில் ஒரே நேரத்தில் அறுபத்துநான்கு பேருக்கு மேல் பேச முடியாது. அறுபத்தைந்தாவது ஆள் எதற்குக் கூப்பிட்டாலும் போகாது. திருவிழா நாளில் லைன் கிடைக்கவில்லை, சந்தை நாளில் கிடைக்கவில்லை என்று நெடும்பாறையிலிருந்து புகார் வரும், வருடத்துக்குப் பத்துப் பதினைந்து. கூட்ட நெரிசல் என்று எழுதி மூடிவிடுவேன். நான்தான் மூடுவேன். என் கைதான்.

போன். ஐயோ, மணி அதற்குள் ஆகிவிட்டதா? இல்லை, பதினொன்று இருபத்தாறு, நாலு நிமிடம் முன்னாலேயே. "சார், வணக்கம், நான் ஃபர்ஹானா பேசறேன், சென்னையிலருந்து. காலைல ஃபார்ம் அனுப்பியிருந்தோமே சார், அமலோற்பவம் விஷயமா." சின்னப் பெண் குரல், ஒரு நாளைக்கு நாற்பது பேரை, பெயர்கூடப் பார்க்காமல் கூப்பிட்டுக் களைத்த குரல். பத்து நிமிடம் கொடுங்கள் என்றேன், குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ஓகே சார், ஆனா இன்னைக்கு மதியத்துக்குள்ள நான் அனுப்பியாகணும், அவங்களுக்கு இன்னைக்குதான் சார் கடைசி" என்று வைத்துவிட்டாள். பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் என்னவெல்லாம் செய்யலாம்? டெம்ப் ஃபோல்டரை அழிக்கலாம். ஒரே கட்டளை, மூன்று சொல், என்டர், வெறும் வரி. டிஸ்கைக் கழற்றி டிராயரில் போட்டால் வெள்ளியங்கிரி எப்போதும் போல வெள்ளியங்கிரி. படிவத்தில் மூன்றாவது டிக்கை எடுத்துவிட்டு முதலாவதில் போடலாம், சொந்த விருப்பம். அவளுக்கு வேலை கிடைக்கும், எனக்கு ஒன்றும் ஆகாது, யாருக்கு என்ன நஷ்டம்? நல்ல யோசனை. இவ்வளவு அதிர்ச்சியிலும் எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது பார் இந்த மூளை. ஆனால் சொந்த விருப்பம் என்று போட்டால் நெடும்பாறை? அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? அப்புறம் அந்த மெயில். இல்லை, மெயில் ஒன்றும் இல்லை. இருக்கிறது. காலையிலிருந்து ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவள் போன அன்று சாயங்காலம் அவளுடைய சொந்த முகவரியிலிருந்து ஒரு மெயில் வந்தது. திட்டியிருப்பாள், இல்லை கெஞ்சியிருப்பாள், இரண்டில் எதைப் படித்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது என்று திறக்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்றேன். பெயரை அடித்தால் போதும், வந்துவிடும். அமலோ என்று அடிப்பதற்குள் வந்துவிட்டது. தடித்த எழுத்தில், படிக்காத மெயில் எப்படி இருக்குமோ அப்படி, மூன்று வருடம் இரண்டு மாதமாகத் தடித்தே கிடக்கிறது. தலைப்பு, நெடும்பாறை. தன் பெயரைக்கூடப் போடவில்லை.

திறந்தேன். தமிழிலேயே எழுதியிருந்தாள். "சார், அன்னைக்குச் சொல்ல வந்தேன், சிரிப்பு அடங்கல. ஒரே ஒரு தடவை வேற ஃபோல்டர்ல நின்னு ஓட்டிப் பாருங்க. உங்க டெம்ப்ல பொது ஃபைலோட பழைய காப்பி கிடக்கு, அதைத்தான் அது எடுக்கு. சுவத்துல பார்த்தப்பவே தெரிஞ்சுது. எனக்குக் கோவம்தான் சார், இல்லன்னு சொல்லல. நான் திரும்பி வரவும் மாட்டேன். ஆனா அந்த ஊர் லைன் போனது என் ஃபைலால இல்ல. வேற எதுவோ இருக்கு. யாராவது மறுபடி தேடணும். மழைக்காலம் வருதுல்லா." அவ்வளவுதான். கீழே அந்தக் கட்டளை, வேறு ஃபோல்டருக்குப் போவது முதல் என்டர் வரைக்கும், நான் அப்படியே எடுத்து ஒட்டி ஓட்டுவதற்குத் தோதாக. திட்டவில்லை, கெஞ்சவில்லை. பேனா இல்லாமல் என் பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டு ரூமுக்குப் போய், பெட்டி கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அந்தச் சாயங்காலத்தில் அவள் நெடும்பாறையைப் பற்றி யோசித்திருக்கிறாள். அதற்கப்புறம் மூன்று மழைக்காலம் போய்விட்டது. நான் நியாயமான ஆள். என்னைப் போய் எல்லோரும் நியாயமான ஆள் என்கிறார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்று சொன்னால் போதாது, உட்கார்ந்திருக்கிற நாற்காலியே கூசுகிறது.

மறுபடி போன். "சார், ஃபர்ஹானா. ஃபார்ம்ல கவனக்குறைவுன்னு டிக் ஆகியிருக்கு சார், விவரம் மட்டும் காலியா இருக்கு. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா அப்படியே அனுப்பிரவா சார்?" எதிரே கறுப்புத் திரையில் கட்டம் மினுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கென்ன, வாயைத் திறக்காமல் இருந்தாலே அவள்மேல் தப்பில்லை என்று சொல்லியாகிவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் டிக் அப்படியே போகும். "சார், லைன்ல இருக்கீங்களா?" "இருக்கறேம்மா" என்றேன். "கவனக்குறைவு உண்மைதான். ஆனா அது அந்தப் பொண்ணோடது இல்ல. என்னோடது." அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது. "புரியல சார்." சொன்னேன். அவள் எழுதியது சரி, நான் சோதித்தது தப்பு, அதை வைத்து அவளை அனுப்பியதும் நான்தான் என்றேன். நடுவில் ஆடை படிந்த டீயை ஒரு மடக்கு விழுங்கினேன். "சார், இதுக்கு ஆப்ஷன் இல்லையே. நாலுல ஒண்ணுதான் சார் எடுக்கும்." எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. என்னென்ன மதிப்பு இருக்கலாம் என்று யாரோ என்னைப் போல ஒருத்தன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான், இந்த ஒன்று அவனுக்குத் தோன்றவே இல்லை. "முதல் கட்டமும் வேண்டாம், மூணாவதும் வேண்டாம், காலியா விடுங்க. விவரத்துல எழுதுங்கம்மா. அவங்க மேல தப்பில்ல, தப்பு குழுத் தலைவருடையதுன்னு எழுதுங்க. கம்பெனி லெட்டர் வேணும்னா ஒரு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்." "தலைவர் பேர் போடணுமே சார்." "வெள்ளியங்கிரி" என்றேன். "யார் சார் அது, இப்ப அங்க இருக்காரா?" "நான்தாம்மா."

எழுந்து கதவைத் திறந்தேன். தியாகு நிமிர்ந்து பார்த்தான், "என்னங்க சார்" என்றான். "எல்லாரும் மீட்டிங் ரூமுக்கு வாங்க. நெடும்பாறை ஃபைலு. அவங்கவங்க லேப்டாப்பை எடுத்துட்டு வாங்க, நான் என்னுதைக் கொண்டு வரல" என்றேன். "அது முடிஞ்ச கதையாச்சுங்களே சார்" என்றான். முடியவில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்து மேற்கொண்டு கேட்காமல் வயரைப் பிடுங்க ஆரம்பித்தான். அங்கே போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது என்று திரும்ப வந்து உட்கார்ந்தேன். அந்த மெயில் திறந்தே கிடக்கிறது, இப்போது தடித்த எழுத்தாக இல்லை. பதில் என்பதை அழுத்தினேன். மன்னித்துக்கொள் என்று அடித்தேன், அழித்தேன். எட்டு வரி அடித்தேன், அதில் ஆறு வரி என்னைப் பற்றியே இருந்தது, அதையும் அழித்தேன். அவள் என்னிடம் மன்னிப்பா கேட்டாள்? ஓட்டிப் பார் என்று கேட்டாள். அதற்கு மட்டும் பதில் எழுதினேன். அமலோற்பவம், வேறு ஃபோல்டரில் நின்று ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை.